மதனப்பள்ளியிலிருந்து வந்த அட்டை

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் 'பார்வை' என்று சொன்னால் கண் நினைவுக்கு வராது, அதிகாரிதான் வருவார். "இன்னிக்கு எங்க ஸ்கூல்ல பார்வை" என்றால் பாடக்குறிப்பு எழுதியாயிற்றா, பதிவேட்டில் கூட்டல் சரியா என்று காலையிலிருந்தே பரபரப்பு. வகுப்பின் பின்பக்கம் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் குறை எழுத வந்தவர். இன்னொரு பள்ளி ஆசிரியர், கற்றுக்கொள்வதற்கென்றே அப்படி வந்து உட்காருவது நம் ஊரில் அபூர்வம்.

அப்படி உட்கார்ந்த சிலரால் தமிழ்நாட்டுக்கு வந்தது ஓர் அட்டை. கையடக்கமானது. ஒரு விலங்கோ பறவையோ சின்னமாக இருக்கும், பக்கத்தில் ஓர் எண். 'ஏபிஎல்' என்கிற செயல்வழிக் கற்றல் அட்டை என்றால் நாற்பதைக் கடந்த எந்த இடைநிலை ஆசிரியருக்கும் தெரியும். சிலர் சிரிப்பார்கள், சிலர் பெருமூச்சு விடுவார்கள்.

அது பிறந்தது ஆந்திரத்தில், மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில். ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய உறைவிடப் பள்ளியால் அந்த இடத்துக்குப் பெயர். அட்டை அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்ததில்லை. சுற்றியிருந்த வறண்ட கிராமங்களின் ஓரறை, ஓராசிரியர் பள்ளிகளுக்காக, ரிஷிவேலியின் 'ரிவர்' நிறுவனத்தை நடத்திய பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கியது. ஒரே அறையில் எல்லா வகுப்பும். நிலக்கடலை அறுவடை வந்தால் பிள்ளை பத்து நாள் வராது. திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். நடுவில் விட்டுப்போனதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். இரண்டு முறை இப்படி ஆனால் ஆடு மேய்ப்பதே மேல் என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும்.

அதனால் பாடநூலைக் கூறு போட்டார்கள். ஒரு கூறுக்கு ஓர் அட்டை, சில அட்டைகள் சேர்ந்தால் ஒரு மைல்கல், மைல்கற்கள் சேர்ந்தால் ஓர் ஏணி. சுவரில் தொங்கும் ஏணியில் தான் விட்ட படியைப் பார்த்து, அதே சின்னமும் எண்ணும் உள்ள அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் உட்காரும். பத்து நாள் கழித்து வந்தாலும் அதன் படி அதற்காகக் காத்திருக்கும். அட்டையில் இருந்த கதையும் பாட்டும் அந்த ஊர் மண்ணுடையவை.

பார்க்க வந்தவர்களில் கர்நாடகத்தின் ஹெச்.டி. கோட்டே தாலுகா ஆசிரியர்களும் உண்டு. 1995-இல் யுனிசெஃப் துணையோடு வந்து பார்த்துப் போய், கன்னடத்தில் தாங்களே அட்டை எழுதி 'நலி-கலி' என்று பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில் அட்டை மலையிறங்கி வேலூருக்கும் வந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமாருக்கு, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட சிறுவர்களுக்குப் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. பத்து வயதில் முதல் முறையாக எழுத்தைப் பார்க்கும் பையனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? ஏணிக்கு வயதுக் கணக்குக் கிடையாது.

அவரே பிறகு சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003-இல் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். அட்டையைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, அதைத் தபாலில் வரவழைத்திருக்கலாம். அந்த வகுப்பறையில் உட்கார்ந்தால்தான் தெரியும் விஷயங்கள் வேறு. ஆசிரியருக்கு நாற்காலி இல்லை. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருப்பார். குரல் உயராது. ஒரு பிள்ளை திணறும்போது ஆசிரியர் உடனே பாயாமல், பக்கத்துப் பிள்ளை சொல்லிக்கொடுக்கட்டும் என்று சற்றுப் பொறுப்பார். எத்தனை நொடி பொறுப்பது என்பதை எந்த அட்டையிலும் அச்சடிக்க முடியாது.

திரும்பி வந்து தமிழ் அட்டைகளை ஆசிரியர்களே உருவாக்கினார்கள். 13 பள்ளிகளில் தொடங்கியது, மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவியது. 'கார்ப்பரேஷன் ஸ்கூல்' என்பதை வசவுபோல உச்சரிக்கும் நகரம் இது. அந்தப் பள்ளிகளைப் பார்க்க மாவட்டங்களிலிருந்து ஆசிரியர்கள் பேருந்து ஏறி வந்தார்கள். அட்டையின் பயணத்தில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்: குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் ஆசிரியை, யாரோ வந்து குறை எழுதிப் பழகிய தன் அறையில், கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து உட்காருகிறார்.

2007-08-இல் 'செயல்வழிக் கற்றல்' மாநிலம் முழுவதுக்கும் போயிற்று. 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். அச்சடித்த அட்டைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. அத்தனை ஆயிரம் ஆசிரியர்களையும் நல்ல வகுப்பறை ஒன்றில் சில நாள் உட்கார வைக்க முடியுமா? பார்த்தவர் சொல்லிக் கேட்டவர், கேட்டவர் சொல்லிக் கேட்டவர் என்று வட்டார வள மையப் பயிற்சிகளில் விஷயம் கை மாறி வந்தது. கடைசிக் கைக்கு வந்தபோது அட்டையும் ஆணையும்தான் மிச்சம். ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி காணோம்; கதை தெரிந்த ஆசிரியர் தானே ஓர் அட்டை எழுதிச் செருகிவிடுவார், தெரியாதவர் அடுத்த கட்டுக்காகக் காத்திருப்பார். "புத்தகமே இல்லாம என்ன படிப்பு?" என்று பெற்றோர் வாசலில் நின்று கேட்டார்கள். அட்டையைக் குறை சொன்ன ஆசிரியர்களைச் சோம்பேறிகள் என்றவர்கள் உண்டு. அது அநியாயம். சமையலை ஒரு முறைகூடப் பார்க்காதவரிடம் பாத்திரத்தை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு, ருசியில்லை என்று ஏசுவது போல அது.

2012-13-இல் முப்பருவப் பாடநூல்கள் வந்தன, அட்டை ஒதுங்கத் தொடங்கியது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் ஏணியின் சாயல் கொஞ்சம் தெரிந்தது. ஏணி இதற்குள் கடலும் தாண்டியிருந்தது. ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க், வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் ரிஷிவேலியோடு சேர்ந்து அதை ஆராய்ந்து, தங்கள் நாட்டுப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றார்கள். ஓராசிரியர் பள்ளியின் பற்றாக்குறையில் பிறந்த ஒன்றுக்கு வசதியான தேசத்தில் வேலை கிடைத்தது வேடிக்கைதான்.

இங்கே பழைய அட்டைகள் பீரோவின் மேல் ரப்பர் பேண்ட் இறுகிக் கிடக்கும். அந்த நாளில் பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றித் தாழ்வாக வரைந்த கரும்பலகையை எடுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. பெயின்ட் உதிர்ந்த அந்தப் பட்டையில், சாப்பாட்டு மணிக்கு முன்னால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.