கஞ்சாவும் வாகனம் ஓட்டும் திறனும்

கஞ்சா என்பது கஞ்சாச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதியாகும். அதைப் புகைத்தோ உண்டோ போதை கொண்டவர் வாகனம் ஓட்டும்போது அவருடைய கவனம், காலக்கணிப்பு, கைகால் ஒத்திசைவு ஆகியவை சில மணி நேரத்துக்குக் குன்றுகின்றன. அக்குறை நீங்குவதற்கு முன்பே நீங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றுவதே இந்தப் போதையின் பெருங்கேடு.

இவ்விளைவுக்குக் காரணமான வேதிப்பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி, 1964இல் இஸ்ரேலிய அறிவியலாளர்களால் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்புச் செல்களின் மேற்பரப்பில் வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் இது சென்று படிகிறது. உடலசைவை ஒழுங்கு செய்யும் சிறுமூளையிலும், நினைவையும் முடிவெடுத்தலையும் ஆளும் பகுதிகளிலும் அவ்வேற்பிகள் செறிந்திருப்பதால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்து, எதிர்வரும் வண்டியின் வேகத்தையும் கணிக்க வேண்டிய ஓட்டுநரின் வேலை நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. வண்டி தன் தடத்துக்குள் நேராகச் செல்லாமல் இடமும் வலமும் அலைவது இதன் முதன்மை அடையாளம். மது அருந்தியவர் துணிந்து விரைவதும் கஞ்சா புகைத்தவர் வேகத்தைக் குறைத்து முன்வண்டிக்கு இடைவெளி விடுவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டாலும், திடீரென ஒன்று குறுக்கிடும்போது அந்த நிதானம் கைகொடுப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடப்பதால், பிரேக்கை மிதிப்பதில் அரை விநாடி தாமதித்தாலும் 8 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். இதனுடன் மதுவும் சேர்ந்தால், தனித்தனியே சிறிதெனத் தோன்றும் அளவுகளும் பெருந்தடுமாற்றத்தை விளைவிக்கும்.

புகைத்தால் டிஎச்சி சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் உச்சம் தொட்டு விரைந்து இறங்கிவிடும். உண்டால் உச்சம் அடையவே ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகும், விளைவும் நீடிக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சாப் பழக்கமுள்ள 191 பேர், சாலையைத் திரையில் காட்டும் பாவனைக் கருவியில் வண்டி ஓட்டினர். புகைத்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் அவர்களில் பலர் தாம் ஓட்டத் தயார் என்றனர்; திறனோ அப்போதும் மீளவில்லை, ஏறத்தாழ நாலரை மணி நேரம் கழித்தே மீண்டது. இரத்தத்தில் இருந்த டிஎச்சி அளவுக்கும் ஓட்டிய தரத்துக்கும் பொருத்தம் காணப்படாததும் குறிப்பிடத்தக்கது.

செட்டிநாட்டுச் சாலைகளில் இத்திறன் குறைவின் பொருள் எளிதில் விளங்கும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கும், பின்னர் தேவகோட்டை வழியாக இராமநாதபுரத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் லாரியும் பேருந்தும் இருசக்கர வாகனமும் ஒரே தடத்தைப் பகிர்கின்றன. தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் சமூகத்தினரின் காவடிகளும் அவற்றுடன் ஆயிரக்கணக்கான பாதயாத்திரையினரும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நாட்களில், விடியுமுன் இருளிலும் சாலையோரம் ஆள் நடமாட்டம் இருக்கும். முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டி வரிசையாகச் செல்லும் அவர்களை நோக்கி ஒரு வண்டி அரை மீட்டர் விலகினாலும் அது அவர்களுடைய தோளை உரசிவிடும். தடம் பிறழ்தல் என்று ஆய்வுகள் குறிப்பது இதைத்தான்.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 185ஆம் பிரிவு மதுவுக்கு அளவுகோல் தந்துள்ளது: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். போதைப்பொருளுக்கு அத்தகைய எண் இல்லை. வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஓட்டுநர் அதன் வயப்பட்டிருந்தார் என்று காட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பிரிட்டனின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2015இல் டிஎச்சிக்கு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என வரம்பு வகுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 முதலே சாலையில் உமிழ்நீர்ச் சோதனை நடத்துகிறது. மது ஊதுகருவி கஞ்சாவைக் காட்டாது. டிஎச்சி கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவதால், பழக்கமுள்ளவரின் சிறுநீரில் அதன் சிதைபொருள் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில், தென்படும். ஆகவே சிறுநீர்ச் சோதனை ஒருவர் கஞ்சா பயன்படுத்தியதை உறுதிப்படுத்துமே தவிர, விபத்து நேரத்தில் அவர் போதையில் இருந்ததை உறுதிப்படுத்தாது. அதற்கு, விபத்து நடந்த உடனே அரசு மருத்துவர் ஓட்டுநரின் கண், பேச்சு, நடை, விரல் ஒத்திசைவு ஆகியவற்றைப் பார்த்து நேரம் குறித்து எழுதும் பரிசோதனைக் குறிப்பும், தாமதமின்றி எடுக்கப்பட்ட இரத்த மாதிரியும் வேண்டும்.