அவ்லாபாரி: ஒரு புறஞ்சேரியின் வரலாற்றடுக்குகள்

முன்னுரை

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவார் பெரும்பாலும் மதிலகத்தையே நோக்குவர். அரண்மனை, கோட்டை, தலைமைக் கோயில் என்பன ஆங்கு அமைதலின் அவர் நோக்கு அவ்வழிச் செல்லுதல் இயல்பே. ஆயினும், மதிற்கு வெளியே வளர்ந்த புறஞ்சேரிகள் அகநகர் கூறாத சில உண்மைகளைக் கூறும் ஆற்றலுடையன. வந்தேறிய குடிகள், ஒதுக்கப்பட்ட தொழில்கள், புதைக்கப்பட்ட மாந்தர், மறைக்கப்பட்ட செயல்கள் ஆகிய யாவும் ஆங்கே தடம் பதித்துள்ளன. ஜார்ஜிய நாட்டுத் தலைநகராகிய திபிலிசியின் இடக்கரைப் பகுதியான அவ்லாபாரி இதற்குத் தக்க சான்றாகும். அப்பகுதியின் சின்னங்களையும் நிறுவனங்களையும் கால அடைவில் ஆராய்ந்து, ஓரிடத்தின் வரலாற்றை அறுதியிடுதற்கு நிற்கும் கட்டடங்களே போதிய சான்றாகுமா என்னும் வினாவிற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இடமும் பெயரும்

காக்கேசிய மலைநாட்டினூடே பாயும் குரா ஆற்றை ஜார்ஜியர் மித்குவாரி என்பர். அவ்வாறு திபிலிசி நகரை இரு கூறாகப் பிரிக்கின்றது. வலக்கரையில் நரிகலாக் கோட்டையும், அதனடியிற் கந்தக வெந்நீரூற்றுகளும், பழைய அகநகரும் உள்ளன. வெதுவெதுப்பு என்னும் பொருளுடைய ஜார்ஜியச் சொல்லடியாகவே நகரப்பெயர் பிறந்தது. இடக்கரை செங்குத்தான பாறையாக எழுந்து, மேலே சமநிலமாகப் பரந்துள்ளது. அதுவே அவ்லாபாரி.

இந்நிலப்பகுதி பழங்காலத்தில் இசானி எனப்பட்டது. அவ்லாபாரி என்பது பிற்கால வழக்கு. மதிற்குப் புறத்ததாகிய இடம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்வழி வந்தது அது என்பது பெரும்பாலோர் கொள்கை. அக்கொள்கை பொருந்துமாயின், அதனை நம் வழக்கிற் புறஞ்சேரி என்றே மொழிபெயர்க்கலாம். 8-ஆம் நூற்றாண்டு முதல் 1122 வரை திபிலிசி இசுலாமிய அமீரகமாக இருந்தமையை நோக்குழி, அரபு வழிப்பட்ட பெயரொன்று வேரூன்றியதில் வியப்பில்லை. பழம்பெயரும் முற்றும் அழிந்திலது. அவ்லாபாரிக்கு அப்பாலுள்ள பகுதியின் பெயராக இசானி இன்றும் வழங்குகின்றது.

இசானிக் களமும் கூடாரமும்

1122-இல் நான்காம் தாவீது மன்னன் திபிலிசியைக் கைப்பற்றி அதனைத் தன் தலைநகராக்கினான். 12-ஆம் நூற்றாண்டில் இசானி அரச குடியிருப்பாக விளங்கியது. தாமார் அரசி 1184-இல் தனியாட்சி ஏற்றவுடன் எழுந்த அரசியற் பூசலொன்று இவ்விடத்தோடு தொடர்புடையது. குத்லு அர்சலான் என்னும் கருவூலத் தலைவன், இசானிக் களத்தில் கூடாரம் ஒன்றமைத்து, அதன்கண் பெருமக்கள் கூடி நாட்டுச் செயல்களை முடிவு செய்து, அரசி அம்முடிவை நிறைவேற்றுதல் வேண்டும் என்று கோரினான். கூடாரத்தைக் குறிக்கும் கரவி என்னும் சொல்லே அவ்வவையின் பெயராயிற்று.

அரசி அவனைச் சிறைப்படுத்தினாள். அவன் கட்சியினர் படைதிரட்டி நின்றனர். உயர்குடிப் பெண்டிர் இருவர் தூது சென்று இணக்கம் காணவே, அவன் விடுதலை பெற்றான். கரவி அமையவில்லையாயினும், அரசவையின் ஒப்புதலின்றிப் பெருஞ்செயல் செய்தல் அரசர்க்கு அரிதாயிற்று. இங்கிலாந்தின் 1215-ஆம் ஆண்டு உரிமைப் பட்டயத்தோடு இதனை ஒப்பிடுவாரும் உளர். ஒப்புமை முழுதும் பொருந்தும் என்றல் மிகையாகும். அரசாட்சியை வரம்பு செய்யும் கருத்து ஆங்கு எழுந்ததென்பது மட்டில் ஐயமின்று. அக்கூடாரம் எழவில்லை, ஆதலின் அதற்குச் சுவடும் இல்லை. எனினும், அவ்லாபாரி வரலாற்றில் அது விலக்கற்பாலதன்று.

மெதேகிப் பாறை

ஆற்றை நோக்கி நீண்டு நிற்கும் மெதேகிப் பாறையே அவ்லாபாரியின் முகப்பு. இதன் அடிவாரத்தோடு ஜார்ஜிய இலக்கியத்தின் தொன்மையான இரு நூல்கள் தொடர்புறுதல் இலக்கிய மாணவர் கருதத்தக்கது. ஒன்று, 5-ஆம் நூற்றாண்டில் யாக்கோபு சுர்தவேலி இயற்றிய சூசானிக் அம்மையின் வரலாறு. நமக்குக் கிடைத்துள்ள ஜார்ஜிய நூல்களுள் அதுவே மிகப் பழையது. அதன் தலைவியோ ஆர்மீனியப் படைத்தலைவன் வர்தான் மாமிகோனியனின் மகள். அவள் திருவுடல் எச்சம் மெதேகியில் அடக்கப்பட்டதென்பது வழிவழிச் செய்தி. மற்றொன்று, 8-ஆம் நூற்றாண்டில் இயோவானே சபானிசுதே எழுதிய அபோவின் வரலாறு. பாக்தாதிலிருந்து வந்த நறுமணப்பொருள் வினைஞனான அபோ, அரபு இனத்தவன். கிறித்தவ நெறி தழுவியதற்காக 786-இல் திபிலிசியிற் கொல்லப்பட்டான். ஆற்றங்கரையில் அவன் நினைவுக்கோயில் உள்ளது. ஜார்ஜிய இலக்கியத்தின் தொடக்கத்தில் ஆர்மீனியப் பெண்ணொருத்தியும் அரபு இளைஞனொருவனும் காவியத் தலைமை பெற்றனர் என்பது, அந்நகரின் பண்பாட்டைத் தெளிவுற உணர்த்துகின்றது.

இன்றுள்ள மெதேகிக் கோயில் இரண்டாம் தெமெத்ரே மன்னனால் 1278-க்கும் 1289-க்கும் இடையில் எழுப்பப்பெற்றது. அவன் மங்கோலியர்க்கு அடங்கி ஆண்டவன். 1289-இல் அவர்களாற் கொல்லுண்டவன். நாட்டு மக்கள் துன்புறாவண்ணம் தானே சென்று உயிர் கொடுத்தமையால் தன்னை ஈந்தோன் என்னும் சிறப்புப்பெயர் எய்தினான். கோயில் பலகாலும் சிதைந்து பலகாலும் புதுக்கப்பட்டது.

உருசிய ஆட்சியில் 1819-இல் பாறைமேலிருந்த பழைய அரண்கள் அகற்றப்பட்டுச் சிறைச்சாலை கட்டப்பட்டது. 1898-இல் மாக்சிம் கார்க்கி அச்சிறையில் அடைக்கப்பட்டார். 1930-களின் பிற்பகுதியில் சோவியத்து அரசு சிறையை இடித்தது. கோயிலையும் இடிக்கும் எண்ணம் இருந்தது. அதனை எதிர்த்தோருள் தலையாயவர் ஓவியர் திமித்ரி செவர்த்நாதசே என்பர். அவர் 1937-இல் கொலைத்தண்டனைக்கு ஆளானார், கோயில் பிழைத்தது. பின்னர் அது நாடக அரங்காகவும் பயன்பட்டு, 1980-களின் இறுதியில் மீண்டும் வழிபாட்டிடமாயிற்று. நகரை நிறுவியவனாகப் போற்றப்படும் வாக்தாங்கு கோர்கசாலியின் குதிரையூர் சிலை 1967-இல் கோயிலின் முன் நாட்டப்பெற்றது; அதனைச் சமைத்தவர் சிற்பி எல்குஜா அமசுகேலி. இன்று அச்சிலையைக் காண்பார், அதனருகே ஒரு நூற்றாண்டிற்கு மேலாகச் சிறைச்சுவர் நின்றது என்பதை அறிய வழியில்லை.

இரண்டாம் எரெக்லே காலமும் 1795-ஆம் ஆண்டின் அழிவும்

இரண்டாம் எரெக்லே மன்னன் தன் தேவி தாரெஜானுக்காக 1776-இல் பாறை விளிம்பில் ஒரு மாளிகை எடுப்பித்தான். வட்ட வடிவான மரத்தாழ்வாரம் ஆற்றின்மேல் நீண்டிருத்தலின் தொலைவிலிருந்தும் தோன்றுமாறு அமைந்த அதற்குச் சாச்சினோ என்பது பெயர். பின்னர் அது துறவுமடமாயிற்று.

எரெக்லே 1783-இல் உருசியாவோடு கியோர்கியெவுசுக் உடன்படிக்கை செய்துகொண்டான். ஆயினும், 1795 செப்டம்பரில் பாரசீகத்தின் ஆகா முகமது கான் படையெடுத்து வந்தபோது உருசிய உதவி உற்ற காலத்தில் வரவில்லை. கிரித்சானிசிப் போரில் எரெக்லே தோற்றான். நகர் எரியூட்டப்பட்டது, பல்லாயிரவர் சிறைபிடிக்கப்பட்டனர். மன்னனைக் காத்து நின்று மடிந்த அரக்வி ஆற்றுப்பக்க மலைநாட்டு வீரர் முந்நூற்றுவர் என்பது நாட்டு வழக்கு. 1801-இல் உருசியா அந்நாட்டைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்டது.

ஆர்மீனியர் குடியிருப்பு

அவ்லாபாரியின் நடுவடுக்கு ஆர்மீனியர்க்குரியது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திபிலிசியின் மக்கட்தொகையுள் ஆர்மீனியரே முதலிடம் பெற்றிருந்தனர். வணிகரும் கைவினைஞருமாகிய அவர்களுட் பலர் அவ்லாபாரியில் வாழ்ந்தனர். சம்கோர் என்னும் ஊரினின்று வந்தோர் கட்டிய செங்கற்கோயில் சம்கோரெத்சோத்சு எனப்பட்டது. சம்கோரார் கோயில் என்பது அதன் பொருள். குடிபெயர்ந்தோர் தம் ஊர்ப்பெயரைத் தம் கோயிலுக்கு இட்டு வழங்கிய அவ்வழக்கு, பெயராராய்ச்சியின் பயனை விளக்குகின்றது. அக்கோயில் 1989-இல் இடிந்து வீழ, எஞ்சிய சுவர்கள் மட்டும் நின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த எச்மியாத்சின் கோயிலோ வழிபாட்டிடமாக நிலைபெற்றது. புகழ்பெற்ற நடிகர் பெத்ரோசு அதாமியனின் பெயர் தாங்கிய ஆர்மீனிய நாடக நிறுவனமும் இப்பகுதியினதே.

இலக்கியத்திலும் அவ்லாபாரி இடம் பெற்றது. ஜார்ஜிய நாடகாசிரியர் அவுக்சென்தி சாகரேலி 1882-இல் எழுதிய கானுமா என்னும் நகைச்சுவை நாடகம், திருமணத் தரகி ஒருத்தியைத் தலைவியாகக் கொண்டு இப்பகுதியின் பல இன வாழ்வைக் காட்டுவது. திபிலிசி ஆர்மீனியர் வாழ்வைக் காட்டும் பேபோ என்னும் நாடகத்தை 1871-இல் இயற்றிய கபிரியேல் சுந்துகியான் துஞ்சுமிடமும் அவ்லாபாரியே.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் ஷாமிர் ஷாமிரியான் 1772-இல் ஆங்கு ஓர் ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். ஆர்மீனிய விடுதலையை அவாவிய அவர், இரண்டாம் எரெக்லே மன்னனோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய அசுதராரும் 1794-இல் சென்னையிலேயே வெளிவந்தது. நாடிழந்து சிதறிய ஆர்மீனியர்க்குச் சென்னை அச்சுக்களமாகவும் திபிலிசி நம்பிக்கைக் களமாகவும் ஒரே காலத்தில் விளங்கின.

நிலத்தடி அச்சகம்

உருசியப் பேரரசின் இறுதிக் காலத்தில் அவ்லாபாரியின் புறநகர்த் தன்மை மற்றொரு வகையிற் பயன்பட்டது. காவலர் கண்ணுக்கு எட்டாத விளிம்புப் பகுதியாதலின், சமூக மக்களாட்சிக் கட்சியினர் ஆங்கு ஒரு மறைவு அச்சகம் அமைத்தனர். அது 1903 முதல் 1906 வரை இயங்கியது. எளிய குடியிருப்பொன்றின் அடியில் நிலவறை; அருகே ஆழ்ந்த கிணறு; கிணற்றுச் சுவரிற் குடைந்த பக்கவழி; அதனின்று நிலவறைக்கு ஏறும் செங்குத்துப் புழை; இவ்வாறு அமைந்தது அதன் வழி. ஜெர்மானிய அச்சுப்பொறி பிரித்துக் கொணரப்பட்டு உள்ளே பூட்டப்பட்டது. ஜார்ஜியம், ஆர்மீனியம், உருசியம் ஆகிய மும்மொழியிலும் துண்டறிக்கைகள் அச்சாயின. 1906 ஏப்ரலிற் காவலர் அதனைக் கண்டுபிடித்தனர். கிணற்றினுள் எரியும் தாளை எறிந்தபோது அது பக்கவழியின் காற்றால் ஈர்க்கப்பட்டமையே அவர்க்குக் குறிப்பாயிற்று என்பர்.

இசுதாலின் காலத்தில், 1937-இல், இவ்வச்சகம் மீட்டமைக்கப்பட்டு அருங்காட்சியகமாயிற்று. சோவியத்து ஆட்சி முடிந்தபின் அரசின் ஆதரவு குன்ற, முதியோர் சிலர் அதனைப் பேணி வந்தனர். அரச ஒடுக்குமுறைக்கு அஞ்சி மறைந்த அச்சகம், அதனினும் கொடிய ஒடுக்குமுறை நிகழ்ந்த ஆண்டிற் காட்சிப்பொருளாயது வரலாற்று முரண். மெதேகி ஓவியர் உயிரிழந்த ஆண்டும் அதுவே என்பது நினைக்கத்தக்கது.

இடுகாடும் பேராலயமும்

அவ்லாபாரியின் அடுக்குகளுள் இன்றும் ஆறாத புண்ணாக இருப்பது கோஜிவாங்கு இடுகாடு. 17-ஆம் நூற்றாண்டுக் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த அவ்வார்மீனிய இடுகாட்டில் நாவலாசிரியர் ராபி, கவிஞர் ஒவானேசு துமானியன், சுந்துகியான் முதலியோர் அடக்கம் செய்யப்பட்டனர். தமிழ்ப் புலவர் பலர் ஓரிடத்தே துஞ்சுவதாகக் கருதின், ஆர்மீனியர்க்கு அவ்விடம் எத்தகையது என்பது புலனாகும். 1930-களிற் கோயில் இடிக்கப்பட்டது. இடுகாட்டின் பெரும்பகுதி அழிக்கப்பட்டுப் பூங்காவாக்கப்பட்டது. எஞ்சிய கல்லறைகள் சிறு நினைவிடமாக ஒதுக்கப்பட்டன.

சோவியத்து ஆட்சி நீங்கியபின் அக்குன்றிலேயே ஜார்ஜியத் திருச்சபை மூவொருமைப் பேராலயத்தை எழுப்பியது. 1995-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2004 நவம்பர் 23-இல் திருநிலைப்படுத்தப்பட்ட அதன் கட்டடக் கலைஞர் ஆர்ச்சில் மிந்தியாசுவிலி. இறைநம்பிக்கை ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் மறுமலர்ச்சிச் சின்னம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அடித்தளம் தோண்டுழி மனித எலும்புகள் வெளிப்பட்டமையும், ஆர்மீனியர் மனம் நொந்து எதிர்ப்புத் தெரிவித்தமையும் உண்மையே. இடுகாட்டை அழித்தது பேராலயம் எழுப்பியோர் அல்லர். அவர்க்கு ஆறு பதிற்றாண்டு முற்பட்ட கடவுள் மறுப்பு அரசு. இவ்வேறுபாட்டை மறத்தல் நேர்மையாகாது. முன்னோர் அழித்ததை நினைவுறுத்தும் கடமை பின்னோர்க்கு இல்லை என்றலும் நேர்மையாகாது.

இக்கால மாற்றங்கள்

2009-இல் குடியரசுத் தலைவர் மாளிகை அவ்லாபாரிக் குன்றிற் கண்ணாடிக் குவிமாடத்தோடு திறக்கப்பெற்றது. 2018-இல் பதவியேற்ற சலோமே சுராபிசுவிலி வலக்கரை ஒர்பெலியானி மாளிகையைத் தம் இருக்கையாகக் கொண்டார். புறஞ்சேரிக்கு வந்த அரசிருக்கை பத்தாண்டில் அகநகர்க்கு மீண்டது.

சுரங்க இருப்புப்பாதை நிலையங்களும் ஈண்டுக் கருதற்பாலன. 1967-இல் திறக்கப்பட்ட அவ்லாபாரி நிலையம், 1918-இல் கொல்லுண்ட பாகூ நகரப் பொதுவுடைமையாளர் நினைவாக இருபத்தாறு கமிசார்கள் என்னும் பெயர் பெற்றிருந்தது. 1992-இல் அவ்லாபாரி எனப்பட்டது. அடுத்த நிலையம் முந்நூறு அரக்வியர், அதற்கடுத்தது இசானி. அரபு வழிப்பெயர், 1795-ஆம் ஆண்டுப் போர், 12-ஆம் நூற்றாண்டு அரச குடியிருப்பு என மூன்று காலங்களை அப்பெயர்கள் வரிசையாக நிறுத்துகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: அவ்லாபாரியிற் கோயில் சிறைக்கு அருகும், இடுகாடு பூங்காவாகவும், மாளிகை மடமாகவும் இருந்துள்ளன. எழாத கூடாரமும், இடிந்த சிறையும், பெயர்க்கப்பட்ட கல்லறைகளும் நிற்கும் கட்டடங்களினும் குறைந்த வரலாற்றுச் சான்றுகள் அல்ல. கட்டடத்தை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, இறுதியாக வென்றோரின் ஆவணமாகவே முடியும். இடப்பெயரும், இலக்கியமும், குடிவழக்கும் உடன்வைத்து நோக்கப்படும்பொழுதே தோற்றோர்க்கும் நீங்கினோர்க்கும் உரிய இடம் கிடைக்கும். அவ்லாபாரி ஜார்ஜியர்க்கு உரியதோ ஆர்மீனியர்க்கு உரியதோ என்னும் வழக்கில், சூசானிக் அம்மையின் வரலாறே தக்க விடை: அவள் ஆர்மீனிய மகள், அவளைப் பாடியது ஜார்ஜிய மொழி. இவ்விரண்டனுள் ஒன்றை நீக்கின் அந்நூல் இல்லை; அப்புறஞ்சேரியும் அத்தகையதே.