கரைந்துபோன கோள்

போன வாரம் ஆண்ட்ரூ லைனை எங்கே விட்டோம்? அட்லாண்டாவில், அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில், மேடைப் படிக்கட்டருகே. வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டவர் என்று பத்திரிகைகள் கொண்டாடிய மனிதர். அந்தக் கோளின் கதையைக் கேட்கத்தான் அரங்கம் காத்திருக்கிறது.

அவரோ கோளை இழந்துவிட்டு வந்திருக்கிறார்.

சில நாட்களுக்கு முன்புதான் அது நடந்தது. சீராக ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீனான பல்சர் ஒரு வானத்துக் கடிகாரம், தெரியும்தானே? ஜோட்ரெல் பாங்க் வானொலித் தொலைநோக்கியின் பெரிய தட்டு அந்தத் துடிப்புகளைக் கேட்டது. பிஎஸ்ஆர் 1829-10 என்ற பல்சரின் துடிப்பு மட்டும் சற்று முந்தும், சற்றுப் பிந்தும். ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று. கோள் ஒன்று இழுக்கிறது என்று லைனும் தோழர்களும் எழுதினார்கள்.

ஆறு மாதம். நம் ஆண்டில் சரிபாதி!

அந்த எண் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்கிற நாமும் சும்மா நிற்கவில்லையே. பூமி ஓடுகிறது, அந்த ஓட்டத்தைக் கழித்தால்தான் பல்சரின் உண்மையான துடிப்பு கிடைக்கும். கழிக்க, பல்சர் வானில் நிற்கும் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். அவர்கள் வைத்திருந்த இடம் பிசகியிருந்தது. முதல் கணக்கில் பூமியின் நீள்வட்டப் பாதையை வட்டமென்றே வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து விட்டுவைத்த மிச்சம்தான் அந்த ஆறு மாத ஆட்டம்.

லைன் இடத்தைத் திருத்தினார். மறுபடி கணக்கிட்டார்.

திரையில் கோள் இல்லை.

கடிதம் ஒன்றை எழுதிப் போட்டுவிட்டு ஊரிலேயே இருந்திருக்கலாம். தன் கண்டுபிடிப்பை நம்பியவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

மேடையேறினார். பிழை எங்கே என்று சொன்னார். எப்படி நேர்ந்தது என்றார். மன்னிப்புக் கேட்டார். எதையும் மூடி மறைக்கவில்லை.

ஒரு கணம் அமைதி.

பிறகு கைதட்டல். நிற்காத கைதட்டல்.

அந்த ஒலி ஓயும்போது அடுத்த பேச்சாளர் எழுந்திருக்க வேண்டும். அலெக்சாண்டர் வோல்ஷ்சான். அவரிடமும் ஒரு பல்சர். ஒரு கோள் அல்ல, இரண்டு என்று சொல்லப்போகிறார்! இப்போது யார் நம்புவார்கள்?

ஆனால் அவர் நியூ மெக்சிகோவில் இருந்த ஒரு நண்பரிடம் முன்னரே ஓர் உதவி கேட்டு வைத்திருந்தார். என்ன உதவி?

அடுத்த வாரம்.