லின்னேயஸ் டிரைப்பின் தஞ்சைக் கல்வெட்டுப் படச்சுருள் (1858): முக்காலியின் நிலையும் சான்றின் நம்பகமும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் 1891 முதல் பதிப்பித்தார். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னரே அவற்றின் ஒரு பகுதி ஒளிப்படமாகப் பதிவாகியிருந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப் (1822–1902), 21 மெழுகுத்தாள் எதிர்ப்படிமங்களிலிருந்து பெற்ற படிகளை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள படச்சுருளாக்கினார். கலை வரலாற்றில் இதன் இடம் உறுதியானது. கல்வெட்டியல் நோக்கில் எழும் வினா வேறு: இச்சுருளில் காணப்படாத எழுத்து, 1858இல் கல்லிலும் இல்லை எனக் கொள்ளலாமா?

பரந்த நிலக்காட்சியை எடுப்பவர் முக்காலியை ஓரிடத்தில் ஊன்றிக் கருவியைத் திருப்பினால் போதும். நீண்ட சுவரில் அம்முறை பயன்படாது. தொலைவுப் பகுதிகளின் எழுத்துகள் சுருங்கிச் சாய்ந்துவிடும். எனவே கருவியைச் சுவருக்கு இணையாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதே தூரம், அதே உயரம், அதே செங்கோணம் ஆகியவற்றை மீட்டமைக்க வேண்டும். இம்மூன்றில் உயரப் பிழை சிறிது. தளம் ஒன்றாயின் தாளை மேலும் கீழும் நகர்த்தி ஒட்டிச் சரிசெய்துவிடலாம். தூரப் பிழை அவ்வாறன்று. சுவரிலிருந்து 3 மீட்டரில் நின்ற கருவி அடுத்த நிறுத்தத்தில் 3 செ.மீ. நெருங்கினால் எழுத்துகள் 1 விழுக்காடு பெருக்கும். படியின் நடுவிலிருந்து 10 செ.மீ. மேலுள்ள வரி, பக்கத்துப் படியின் வரியைவிட 1 மி.மீ. உயர்ந்து நிற்கும். கத்தரிக்கோலால் இதைத் திருத்த இயலாது. கருவி பக்கவாட்டில் சற்றே திரும்பினாலோ இணைவரிகள் ஒருபுறம் குவியும்.

முக்காலியை எத்துணைத் துல்லியமாக நிறுத்தினாலும் தீராத இடர் ஒன்றுண்டு. அடித்தளம் ஒரே தளமன்று. குமுதம் முன்தள்ளி நிற்க, அதன் மேலும் கீழும் உள்ள உறுப்புகள் உள்வாங்குகின்றன. சுவரும் பிதுங்கியும் ஒடுங்கியும் செல்கிறது. வில்லைக்கு அருகிலுள்ள தளத்தில் ஒரு படம் கொள்ளும் அகலம் குறைவு. ஆதலால் பின்தளத்து எழுத்துகளைப் பொருத்தி ஒட்டினால் முன்தளத்தில் ஒரு கீற்று விடுபடும். முன்தளத்தைப் பொருத்தினால் பின்தளத்தில் ஒரு கீற்று இருமுறை வரும். 21 படிகளுக்கு 20 இணைப்புகள். அவ்விருபது இடங்களிலும் எழுத்தின்மை கல்லின் சிதைவுக்குச் சான்றாகாது. படியின் நடுப்பகுதியில் எழுத்து மங்கியிருப்பின் அது வேறு செய்தி. ஆங்கும் மெழுகுத்தாளின் இழையமைப்பைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஹூல்ஷ் காலத்து மசிப்படிக்கு இத்தொல்லை இல்லை. ஈரத்தாள் கல்லைத் தொட்டே எழுத்தைப் பெறுவதால் தூரம் என்பதே எழாது. ஆயினும் கல்லின் நிறம், விரிசல், இணைப்புக் கோடு, சூழ்ந்த சிற்பவேலை ஆகியவற்றை மசிப்படி தராது; டிரைப்பின் சுருள் தரும். இதனாலேயே 1858க்கும் இன்றைக்கும் இடையே கல் அடைந்த மாற்றத்தை அறிய அவர் நின்ற இடங்களில் மீண்டும் கருவியை நிறுத்துவது பயனுடையதாகிறது. அவ்விடங்களைக் காண வழி, முன்தள விளிம்பு பின்தளத்து எழுத்தை எங்கே வெட்டுகிறது என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிடுவதே. அவ்வெட்டு வலப்புறம் அல்லது இடப்புறம் விலகினால் கருவி பக்கவாட்டில் தவறியுள்ளது. மேற்கீழாக விலகினால் உயரம் தவறியுள்ளது. நிலை பொருந்தாதபோது எத்தகைய வில்லையை மாற்றியும் பயனில்லை. வில்லை பரப்பைச் சுருக்கும் அல்லது விரிக்கும், உறுப்புகளின் ஒன்றையொன்று மறைக்கும் உறவை மாற்றாது.

ஒளியும் பொருந்த வேண்டும். டிரைப் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு 1858 ஏப்ரல் இறுதியில் சென்னை சேர்ந்தார். தஞ்சையில் ஏப்ரல் 18 அளவில் நண்பகல் ஞாயிறு உச்சியில் நிற்கும். அதற்கு முன்னர் தெற்கே சாய்ந்திருக்கும். வெட்டெழுத்து தன் நிழலால் படிக்கப்படுவது. நிழல் மாறினால் முழு எழுத்தும் தேய்ந்ததுபோலத் தோன்றும். திருவையாற்றிலும் டிரைப் படமெடுத்துள்ளார். ஆனால் காவிரிக் கரையில் மணலும் மரமும் மாறிவிடுவதால், கட்டட விளிம்புகள் இரண்டேனும் படத்தில் இருந்தாலன்றி நின்ற இடத்தை மீட்டெடுக்க முடியாது.

1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன், ஒளிப்படப் பணி அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி அதனை நிறுத்தச் செய்தார். 1860இல் டிரைப்பின் பணி முடிவுற்றது.