பேர் பெறாத கல்லூரி

ஊரறிந்த கல்லூரியில் இடம் கிடைத்தால் பெருமை. எவரும் கேள்விப்படாத கல்லூரியில் இடம் கிடைத்தால்?

மருத்துவம் பயில விழையும் இளைஞர்கள், விண்ணப்பத் தாளை முன்னே விரித்து வைத்துக்கொண்டு, எழுதுவதா, விடுவதா என்று தயங்கித் தவிக்கும் காட்சியை ஆண்டுதோறும் நாம் காண்கிறோம். "அந்தக் கல்லூரியா? அது எந்த ஊரில் இருக்கிறது?" என்று உறவினர் உதட்டைப் பிதுக்குகின்றனர். "அங்கே படித்துவிட்டு வந்தால் எவன் நாடி பார்க்கக் கை நீட்டுவான்?" என்று அண்டை வீட்டார் கேலி பேசுகின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பட்டம் பெற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஒரு பொழுதுபோக்குப் பேச்சு. குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறத் துணியும் பிள்ளைக்கோ, இது வாழ்வா தாழ்வா என்ற கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட, நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்வோம். கடல் கடந்த நாட்டிலே, ஒரு பெண் இதே தாளை முன்னே வைத்துக்கொண்டு இதே கேள்வியை எண்ணிப் பார்த்தாள். அவள் எண்ணிய முறை நமக்குப் பாடம். எண்ணிய பின் செய்தது அதனினும் பெரிய பாடம்.

எலிசபெத் பிளாக்வெல் என்பது அவர் பெயர். 1821இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். தந்தை சர்க்கரை ஆலை நடத்தியவர். ஆனால் கரும்புத் தோட்டங்களில் மனிதனை மனிதன் அடிமை கொள்வதை வெறுத்தவர். 1832இல் குடும்பம் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தது. 1838இல் சின்சினாட்டி நகரில் தந்தை மறைந்தார். கையிலே பணமில்லை, வீட்டிலே பிள்ளைகள் பலர். பதினேழு வயதுப் பெண், தாயுடனும் உடன்பிறந்தாருடனும் சேர்ந்து பள்ளி நடத்திப் பிழைக்க வேண்டியதாயிற்று.

மருத்துவம் அவர் கண்ட கனவன்று. உடலைப் பற்றிய பேச்சே அவருக்கு அருவருப்பாக இருந்ததென்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நோய்ப்படுக்கையில் கிடந்த தோழி ஒருத்தி, தன்னைக் கவனிக்க ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் தன் துன்பத்தில் ஒரு பாதியேனும் குறைந்திருக்குமே என்று ஏங்கினாள். ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசி, சொல்லாமலே நோயை வளர்த்து, வளர்த்த நோயாலே மாய்ந்த பெண்கள் எத்தனை ஆயிரம்! அந்த ஏக்கக் குரல் எலிசபெத்தின் நெஞ்சிலே நிலைத்துவிட்டது.

நிலைத்தால் போதுமா? பணம் வேண்டுமே! தென் மாநிலங்களுக்குச் சென்று ஆசிரியப் பணி செய்தார், இசை கற்பித்தார், காசு காசாகச் சேர்த்தார். ஆஷ்வில்லிலும் சார்ல்ஸ்டனிலும் தாம் தங்கியிருந்த இல்லங்களின் மருத்துவ நூல்களை ஓய்வு நேரத்திலே ஓதினார். 1847இல், மருத்துவக் கல்விக்குப் பேர்போன பிலடெல்பியா நகருக்கு வந்து சேர்ந்தார்.

அங்கிருந்த பெருங்கல்லூரிகளின் கதவுகளைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. நியூயார்க் நகரக் கல்லூரிகளும் கைவிரித்தன. அறிவுரைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை! பாரிசுக்குப் போ என்றனர் சிலர். ஆணுடை அணிந்து, ஆணென்று சொல்லிப் படி என்றனர் வேறு சிலர். பெண்ணாகப் பிறந்தவள் பெண்ணாகவே நின்று படிக்க முடியாது. பொய் வேடம் புனைந்தால் படிக்கலாம்! இதுதான் அந்நாளைய அறிவாளர் கண்ட வழி. எலிசபெத் மறுத்தார். ஆணுடையில் ஒளிந்து பட்டம் பெற்றால், பட்டம் பெற்றது ஒரு பெண் என்பது எவருக்குத் தெரியும்? பின்னே வரும் பெண்களுக்கு அதனால் என்ன பயன்?

இங்கேதான், நண்பர்களே, நாம் தொடக்கத்தில் சொன்ன கேள்வி அவர் முன் வந்து நிற்கிறது. பெரிய கல்லூரிகள் மறுத்துவிட்டன. மீதமிருப்பவை நாட்டுப்புறக் கல்லூரிகள் என்று ஏளனமாக அழைக்கப்பட்ட சிறு கல்லூரிகள். அவற்றுக்கு எழுதுவதா?

குறைகள் இல்லாமலில்லை. அந்நாளில் அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் மாணவர் கட்டணத்தை நம்பி வாழ்ந்தவை. ஏறத்தாழ நான்கு மாதம் கொண்ட இரு பருவங்களே படிப்பு. முதற் பருவத்தில் கேட்ட விரிவுரைகளையே பெரும்பாலும் இரண்டாம் பருவத்திலும் கேட்க வேண்டும். அதிலும் சிற்றூர்க் கல்லூரிக்குப் பெரிய மருத்துவமனை இராது. பல வகை நோயாளிகளைக் கண்ணால் காணும் வாய்ப்பு குறைவு.

எனினும் மறுபக்கத்தையும் அவர் பார்த்தார். சட்டத்தின் முன் அப்பட்டமும் பட்டமே. தாளிலே மருத்துவர் என்று பொறித்துத் தரும் உரிமை அதற்கும் உண்டு. கல்லூரி சிறிதாயினும், கற்பிக்கும் ஆசிரியர் திறமுடையவராக இருக்கலாமன்றோ? ஆகவே அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. வட மாநிலங்களின் சிறு கல்லூரிகள் அனைத்தின் பட்டியலையும் வாங்கினார். அவற்றின் விளக்கக் குறிப்புகளைப் படித்தார். முழுமையான பாடத்திட்டமும் திறமான ஆசிரியர்களும் உடையவை எவை என்று ஆராய்ந்தார். அவற்றுள் பன்னிரண்டைத் தேர்ந்து விண்ணப்பம் அனுப்பினார். பிறர் சொல்லும் பெயரைக் கேட்டு மயங்காமல், உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தாரே, அதைத்தான் பகுத்தறிவு என்கிறோம் நாம்.

மறுமொழிகள் வந்தன, மறுப்புகள் வந்தன. பெண்ணுக்கு மூளை போதாது என்று பேசிய காலம் அது. ஆனால் உண்மை வேறு. தடியை நாமே கொடுத்துத் தலையையும் நாமே காட்டுவதா என்னும் பொருள்பட ஒரு சிறு கல்லூரித் தலைவர் அவருக்கு எழுதினாராம். பெண் தோற்றுவிடுவாள் என்ற அச்சமாகவா இது தெரிகிறது? வென்றுவிடுவாள் என்ற அச்சமல்லவா! தகுதி இல்லை, தகுதி இல்லை என்று உரத்துக் கூவுவோரின் உள்ளத்தைத் திறந்து பார்த்தால், பல நேரங்களில் அங்கே கிடப்பது இந்த அச்சமே.

இறுதியில், 1847 அக்டோபர் 20ஆம் நாளிட்ட ஒரு மடல் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஏரிக்கரை ஊரொன்று, பெயர் ஜெனிவா. ஐரோப்பாவின் புகழ்மிக்க ஜெனிவா அன்று. பெயரை மட்டும் கடன் வாங்கிய சிற்றூர். அங்கே 1834இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி இடந்தர இசைந்தது.

எப்படி இசைந்தது? அது ஒரு வேடிக்கைக் கதை. ஆசிரியர்களுக்கு விருப்பமில்லை, ஆனால் மறுக்கும் பழியை ஏற்கவும் மனமில்லை. பொறுப்பை மாணவர் தலையில் இறக்கினர். ஒருவர் எதிர்த்தாலும் இடமில்லை என்றனர். ஆண்கள் நிறைந்த வகுப்பிலே ஒருவன்கூடவா எதிர்க்கமாட்டான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மாணவர்களோ இதை நகைச்சுவையாகக் கொண்டனர். கூச்சலும் கும்மாளமுமாக ஒரு கூட்டம்; ஒரே மனதான தீர்மானம்! தனித்து நின்று 'இல்லை' என்ற ஒருவனையும் மற்றவர்கள் மொத்தி இசைய வைத்தனர் என்று, அவ்வகுப்பில் இருந்தவரும் பின்னாளில் பொதுநலத் துறையில் பெரும்புகழ் பெற்றவருமான ஸ்டீபன் ஸ்மித் நினைவு கூர்ந்திருக்கிறார். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, அறிவியலின் எக்கதவும் எவருக்கும் அடைபடலாகாது என்ற கருத்தை அத்தீர்மானம் கொண்டிருந்தது. விளையாட்டாக எழுதினார்கள், எழுதிய சொல் மெய்யான சொல்லாக அமைந்துவிட்டது!

நவம்பர் 6ஆம் நாள் எலிசபெத் ஜெனிவா வந்து சேர்ந்தார். நகைக்கக் காத்திருந்த கூட்டம், அவர் வகுப்பறையில் நுழைந்ததும் அமைதியாயிற்று. ஆனால் ஊர்? ஊர்ப் பெண்களே அவரை ஒதுக்கினர். ஒழுக்கம் கெட்டவளாக இருக்க வேண்டும், அல்லது பித்துப் பிடித்தவளாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டனர். எந்தப் பெண்களின் துயர் துடைக்க அவர் புறப்பட்டாரோ, அந்தப் பெண்களே முகம் திருப்பினர். அடிமைத்தனம் நெடுநாள் நீடித்தால், அடிமைப்பட்டவரே விலங்குக்குக் காவல் நிற்பர். இக்கொடுமையை நம் நாட்டிலும் நாம் கண்டிருக்கிறோம்.

இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய பாடம் வந்தபோது, அவ்வகுப்புக்கு வராதிருப்பது நலம் என்று உடற்கூற்று ஆசிரியர் வெப்ஸ்டர் தெரிவித்தார். மாணவி என்ற முறையிலேயே தாம் வந்திருப்பதாகவும், கற்கும் நோக்குடையவருக்கு உடலில் வெட்கப்பட ஏதுமில்லை என்றும் உணர்த்தி எலிசபெத் மடல் எழுதினார். ஆசிரியர் மனம் மாறினார். அம்மடலை மாணவர்க்குப் படித்துக் காட்டினார். எலிசபெத் வகுப்பில் அமர்ந்தார். நோய் தீர்க்கும் அறிவை நாணத்தின் பெயரால் மறைத்து வைத்தால், அதன் விலையை நோயாளியன்றோ செலுத்த வேண்டும்?

கல்லூரியின் குறையை அவர் மறந்தாரா? இல்லை. அங்கே பெரிய மருத்துவமனை இல்லை என்பதை அறிந்து, 1848 கோடையில் பிலடெல்பியாவின் பிளாக்லி ஏழையர் இல்லத்தில் சென்று பணியாற்றினார். இளம் மருத்துவர் சிலர் அவரைக் கண்டதும் அகன்று சென்றனர். அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த ஏழை மக்கள் அங்கே டைபஸ் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களை அருகிருந்து கண்டு, அக்காய்ச்சலைப் பற்றியே தம் ஆய்வுரையை எழுதினார். கல்லூரி தராததைத் தாமே தேடிப் பெற்றார்.

1849 ஜனவரி 23. வகுப்பிலே முதல்வராகத் தேறி, மருத்துவப் பட்டம் பெற்றார் எலிசபெத். அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவரே.

இத்துடன் கதையை முடித்தால் இனிக்கும். ஆனால் வரலாறு இனிப்புப் பண்டமன்று. அதே ஜெனிவாக் கல்லூரி, சில ஆண்டுகளுக்குள் அவர் தங்கை எமிலி விண்ணப்பித்தபோது இடமில்லை என்றது! எமிலி சிகாகோவில் ஓராண்டு பயின்று, அங்கும் தொடர முடியாமல், கிளீவ்லாந்துக்குச் சென்று 1854இல் பட்டம் பெற்றார். ஆகவே, சிறு கல்லூரி என்பதாலேயே அது நல்லதென்று நாம் சொல்லவில்லை. சிறியவரிடமும் சிறுமை உண்டு.

பட்டம் பெற்றதும் பாதை மலர்ந்துவிடவும் இல்லை. பாரிசிலே மருத்துவராக ஏற்பாரில்லை; மகப்பேற்று நிலையத்தில் மருத்துவச்சி மாணவியாகச் சேர்ந்தார். 1849 நவம்பரில் கண்நோய்க் குழந்தை ஒன்றுக்குப் பணி செய்கையில் அந்நோய் தொற்றி, ஒரு கண்ணின் ஒளி போயிற்று. அறுவை மருத்துவராகும் ஆசையும் போயிற்று. 1851இல் நியூயார்க் திரும்பினார். மருத்துவமனைகள் ஏற்கவில்லை. ஏற்காவிட்டால் என்ன? 1853இல் ஏழைகளுக்கென ஒரு சிறு மருந்தகம். 1857இல் எமிலியுடனும் மேரி சக்ரெவ்ஸ்கா என்ற மருத்துவருடனும் சேர்ந்து ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை. 1868இல் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி. கதவு திறக்காதபோது, புதுக் கதவே செய்தார்.

அவர் சொன்னதெல்லாம் சரியா? அன்று. அம்மை குத்துவதை அவர் எதிர்த்தார். கிருமிகளால் நோய் வருகிறதென்ற புதிய ஆய்வையும் ஐயுற்றார். அறிவியல் அவர் கூற்றை ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை. சிலை வைத்து வணங்கவா வரலாறு படிக்கிறோம்? கொள்ளத்தக்கதைக் கொள்வோம், தள்ளத்தக்கதைத் தள்ளுவோம்.

அந்தச் சிறு விளக்கின் ஒளி எதுவரை சென்றது தெரியுமா? 1847இல் அவரை மறுத்த பிலடெல்பியாவிலே, 1850இல் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி எழுந்தது. அங்கேதான் மராட்டிய நாட்டு ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றார். 1874இல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியபோது, எலிசபெத் அதற்குத் துணை நின்றார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், அந்த லண்டன் பள்ளியிலேயே மேற்கொண்டு பயின்று, சென்னைக்குத் திரும்பி, 1885இல் பெண்களுக்கென மருத்துவமனை கண்டார். அதுவே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. பெண்கள் நுழைந்துவிட்ட அதே சென்னைக் கல்லூரியில்தான், புதுக்கோட்டை தந்த முத்துலெட்சுமி 1912இல் பட்டம் பெற்றார்.

ஜெனிவாக் கல்லூரியோ 1870களின் தொடக்கத்தில் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, தன் பெயரையே இழந்தது. இன்று அப்பெயரை உலகம் உச்சரிக்கிறதென்றால் காரணம் யார்? கல்லூரியால் மாணவி பெயர் பெறவில்லை. மாணவியால் கல்லூரி பெயர் பெற்றது.

தாளை முன்னே வைத்துத் தயங்கும் தம்பியே, தங்கையே! எதற்கும் எழுதிவிடு என்று நாம் கூறவில்லை. ஆராய்ந்து எழுது என்கிறோம். பட்டம் சட்டப்படி செல்லுமா என்று கேள். ஆசிரியர் உண்டா, நோயாளிகள் வருகின்றனரா, கட்டணம் வீட்டைக் கடனில் மூழ்கடிக்குமா என்று கேள். விடை நிறைவு தராவிடில் தள்ளிவிடு. நிறைவு தருமாயின், உதடு பிதுக்குவோரைத் தள்ளிவிடு. குறைவதை எங்கே சென்று நிறைத்துக்கொள்வது என்பதையும் இன்றே எண்ணி வை.

காய்ச்சலில் துடிக்கும் குழந்தையைத் தோளில் சுமந்து நள்ளிரவில் ஓடி வரும் தாய், நீ பயின்ற கல்லூரி எதுவென்று கேட்கமாட்டாள். கதவைத் திறக்கிறாயா, நோயறிந்து மருந்து தருகிறாயா என்றே பார்ப்பாள். அந்தத் தாயை நினைத்துக்கொண்டு, பேனாவை எடு.