நீர்ப்பூங்காக்களில் வானிலையின் தாக்கம்

நீர்ப்பூங்கா என்பது நீர்ச்சறுக்குகள், அலைக்குளம், குழந்தைகளுக்கான ஆழமற்ற குளங்கள் முதலியவற்றைக் கொண்ட பொழுதுபோக்கு இடம் ஆகும். திறந்தவெளியில் அமையும் நீர்ப்பூங்காவின் நீர்த் தேவை, நீரின் தூய்மை, பாதுகாப்பு ஆகியன வானிலையைப் பெரிதும் சார்ந்துள்ளன. இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்தையும் அதை ஒட்டிய சென்னைப் புறநகரையும் முதன்மையாகக் கொண்டது. இப்பகுதியில் மக்கள் நீர்ப்பூங்காவை நாடும் பருவம் வேறு, நீர் கிடைக்கும் பருவம் வேறு. பிற சிக்கல்கள் பலவும் இம்முரணிலிருந்தே தோன்றுகின்றன.

கோடை வெயில்

பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் சேர்ந்து வரும் ஏப்ரல், மே மாதங்களிலேயே கூட்டம் மிகுதி. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளைக் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் குளிர்விக்கிறது. பூந்தமல்லி, திருவள்ளூர் போன்ற உட்பகுதிகளுக்கு அது தாமதமாகவே வந்து சேரும். மேற்குக் காற்று வலுத்த நாட்களில் வராமலே போவதும் உண்டு. தமிழ்நாட்டில் மிகுந்த வெப்பம் பதிவாகும் இடங்களுள் இம்மாவட்டத்தின் திருத்தணியும் ஒன்று.

வெயில் நீரைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை. கிருமிகளை அழிக்கச் சேர்க்கப்படும் குளோரினைச் சூரிய ஒளியின் புற ஊதாக்கதிர்கள் சிதைக்கின்றன. காப்புப் பொருள் சேர்க்கப்படாத குளத்தில், காலையில் இட்ட குளோரினின் பெரும்பகுதி நண்பகலுக்குள் அழிந்துவிடக்கூடும். இதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் பயன்படுத்தப்படுகிறது. ஆனால் அதன் அளவு கூடினால் குளோரின் கிருமிகளைக் கொல்லும் வேகம் குறைகிறது. குளிப்போரின் வியர்வையும் சிறுநீரும் எஞ்சிய குளோரினுடன் வினைபுரிந்து குளோரமைன்களை உண்டாக்குகின்றன. கண் எரிச்சலுக்கும் 'குளோரின் நாற்றம்' எனப்படுவதற்கும் இவையே காரணம். நாற்றம் மிகுந்த குளம் தூய்மையானது என்ற பொதுவான எண்ணம் தவறானது.

வெப்பமான நன்னீரில் வளரும் நெக்லேரியா ஃபவுலேரி என்னும் அமீபா மூக்கின் வழியே மூளையைத் தாக்கவல்லது. 2021-இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்திலுள்ள ஆர்லிங்டன் நகரில், பொதுப் பூங்கா ஒன்றின் நீர்த்தெளிப்புத் திடலில் விளையாடிய குழந்தை இத்தொற்றால் இறந்தது. குளோரின் அளவு ஒழுங்காகக் கண்காணிக்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. எனவே கோடையில் ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் நீரைச் சோதிப்பது போதாது.

நீர் இருப்பு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. நீர் ஆவியானால் 1 லிட்டர் இழப்பு ஆகும். நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியாவதாகக் கொண்டால், 1,000 சதுர மீட்டர் குளம் 6,000 லிட்டரை, அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதியை இழக்கிறது. உடலோடு வெளியேறும் நீரும், வடிகட்டிகளைக் கழுவும் நீரும் இதில் சேரா.

சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. 2019 ஜூனில், செம்பரம்பாக்கத்தையும் சேர்த்து இவற்றின் மொத்த இருப்பு கொள்ளளவில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. கும்மிடிப்பூண்டிக்கு அருகே கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது. நிலத்தடி நீரும் எல்லையற்றதன்று: மிஞ்சூர்ப் பகுதியில் மிகையாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்துள்ளது. குளத்து நீரைச் சுத்திகரித்துச் சுழற்சி முறையில் பயன்படுத்துவது இங்கு சிக்கனம் மட்டுமன்று. அதே நிலத்தடி நீரை நம்பியிருக்கும் உழவர்க்கும் ஊராருக்கும் உரிய பங்கைப் பற்றியதும் ஆகும்.

இடிமழை

மே முதல் செப்டம்பர் வரை பகல் வெப்பத்தைத் தொடர்ந்து மாலையில் இடிமழை பெய்வது வழக்கம். நீரில் இருப்போரும் உயரமான சறுக்குக் கோபுரங்களில் நிற்போரும் மின்னலால் தாக்கப்படும் வாய்ப்பு உள்ளது. இடியோசை கேட்டவுடன் அனைவரையும் வெளியேற்றி, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருப்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் நடைமுறை. கட்டணம் செலுத்தியவர்கள் இதை விரும்புவதில்லை.

வடகிழக்குப் பருவமழை

சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அப்போது கூட்டம் குறைவு. 100 மி.மீ. மழை மேற்கூறிய குளத்தில் ஒரு லட்சம் லிட்டர் நீரைச் சேர்க்கும். ஆனால் அது குளோரினை நீர்க்கச் செய்து, நீரின் கார-அமிலச் சமநிலையையும் மாற்றிவிடுகிறது. அடித்து வரப்படும் மண்ணும் இலைகளும் வடிகட்டிகளை அடைக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற காலங்களில், தாழ்வான இடத்திலுள்ள இறைப்பி அறைக்குள் நீர் புகுந்தால் மோட்டார்கள் பழுதாகும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின் ஏற்பட்டதுபோல் மின்தடை நாட்கணக்கில் நீடித்தால் சுத்திகரிப்பு முற்றிலும் நின்றுவிடும். தேங்கிய குளத்தில் சில நாட்களில் பாசி படரும், கொசுவும் பெருகும்.