தண்ணி கொதித்தவுடன் ஹெட்டைக் கழற்ற வேண்டாம்: டர்போ வான்களில் கஸ்கட் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏ9 வீதியில் அடிக்கடி பயணிப்பவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் எங்கோ ஒரு பழைய வான் ஓரமாக நிற்கும். முன் இருக்கை தூக்கப்பட்டிருக்கும். உள்ளேயிருந்து நீராவி பறக்கும். பயணிகள் மர நிழலில் நிற்க, சாரதி வெற்றுப் போத்தலுடன் தண்ணி தேடிப் போவார். அன்று மாலை கராஜில் அவருக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "ஹெட் கஸ்கட் போயிட்டுது."

சில வேளை அது சரி. பல வேளை அது ஊகம். அந்த ஊகத்தை நம்பி ஹெட்டைக் கழற்றினால் கஸ்கட், லேத் வேலை, ஒயில், கூலி என்று செலவு வரும். அதைவிட, வான் ஓடாத நாட்களின் ஹயரும் போகும். லீசிங் தவணை நிற்காது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே 1990களில் செய்யப்பட்ட வான்களே இன்னும் பல வீடுகளின் அடுப்பை எரிய வைக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதும், நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் அவைதான்.

கஸ்கட்டை ஊகிக்காமல் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். அதற்கு அரை நாள் போதும். பெரும்பாலான சோதனைகளுக்குக் காசே தேவையில்லை.

முதலில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஞ்சினின் கீழ்ப்பகுதியான புளொக் வார்ப்பிரும்பு. மேலே இருக்கும் ஹெட், டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களின் 2சி டர்போ, டெலிகாவின் 4டி56, ஹையேஸின் 1கேஇசட் ஆகிய மூன்றிலும் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் கஸ்கட். எரியும் வாயு, ஒயில், தண்ணி மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைத்திருப்பது அதன் வேலை. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவோடு சூடேறினால் கஸ்கட் தாங்கும். தண்ணி கொதித்த பிறகும் இன்னும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டினால் ஹெட் வளையும், சில வேளை வெடிக்கும்.

டர்போ இங்கே என்ன செய்கிறது? கூடுதல் காற்றைத் திணிப்பதால் சிலிண்டருக்குள் எரியும் வேளை அழுத்தம் கூடுகிறது. டர்போ டீசலில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல நூறு மடங்கைத் தாண்டும். ஒயில் பாதையில் இருப்பது அதில் சிறு பங்கு. றேடியேற்றரில் இருப்பதோ அதைவிடவும் குறைவு. பல வாகனங்களில் மூடி 0.9 பாரில் திறந்துவிடும். இந்த வரிசையை நினைவில் வைத்தால் பாதி நோய் பிடிபடும். எஞ்சின் ஓடும்போது வாயு தண்ணிக்குள் தள்ளும், ஒயிலும் தண்ணிக்குள் தள்ளும். எஞ்சினை நிறுத்தியபின் சிலிண்டரில் அழுத்தம் இல்லை, றேடியேற்றரில் இருக்கிறது. அப்போது தண்ணி சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வருவதும், ஒரு சிலிண்டர் தட்டுத் தடுமாறுவதும் இதனால்தான்.

சோதனையை எஞ்சின் இரவு முழுக்க ஆறிய காலையில் தொடங்குங்கள். சூடான றேடியேற்றரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் தண்ணி 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அது முகத்துக்குப் பாயும்.

மூடியைப் பூட்டி ஸ்டார்ட் செய்து, றேடியேற்றரின் மேல் குழாயைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள், தண்ணி இன்னும் குளிராக இருக்கும்போதே குழாய் கல்லுப்போல இறுகினால் அது சூட்டால் வந்த அழுத்தம் அல்ல. சிலிண்டரிலிருந்து வாயு வருகிறது. என் கணிப்பில் காசில்லாத சோதனைகளில் இதுதான் ஆகச் சிறந்தது.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றி, தண்ணியை விளிம்புவரை நிரப்பி மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இந்த வான்களில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. றேடியேற்றர் வரை குழாய்கள் நீளம். அண்மையில் தண்ணி மாற்றியிருந்தால் உள்ளே காற்று அகப்பட்டிருக்கும், அதுவும் குமிழியாக வரும். அகப்பட்ட காற்று கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். கஸ்கட் குமிழி தீராது.

குமிழியே இல்லாவிட்டால் கஸ்கட் நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. டர்போ வாகனத்தின் சூட்சுமம் இங்கேதான். சும்மா நிற்கையில் டர்போ ஏறக்குறைய வேலை செய்வதில்லை. சிறு கசிவு சுமை ஏறும்போது மட்டும் திறக்கும். வன்னியில் ஏற்றம் இல்லை, எனவே சுமையைத்தான் ஏற்ற வேண்டும். வானை நிறைத்துக்கொண்டு இருபது நிமிடம் உயர் கியரில் இழுத்து ஓடிவிட்டு, மேலதிகத் தண்ணிப் போத்தலைப் பாருங்கள். தண்ணி வெளியே தள்ளப்பட்டு, ஆறிய பிறகும் றேடியேற்றருக்குத் திரும்பாமல் இருந்தால் அது அடையாளம். குமிழி சோதிக்கும் நீல நிறத் திரவம் உள்ள கராஜாக இருந்தால், இந்த ஓட்டம் முடிந்து எஞ்சின் சிறிது ஆறியதும் அதைக் கேட்டுச் செய்வியுங்கள். எரிந்த வாயு பட்டால் அது பெற்றோல் எஞ்சினில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். நின்றபடி சோதித்தால் டீசலில் நிறம் மாறாமல் ஏமாற்றக்கூடும்.

கொம்பிரஷன் சோதனை செய்வதானால் டீசலுக்குரிய மீற்றர் வேண்டும். பெற்றோல் எஞ்சின் மீற்றர் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நல்ல நிலையிலுள்ள 2சி போன்ற எஞ்சின் 400 பிஎஸ்ஐ அளவில் காட்டும். அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்கள் மட்டும் விழுந்திருந்தால் கஸ்கட் அவற்றுக்கு நடுவில் எரிந்திருக்கிறது. நாலும் சமமாகக் குறைந்திருந்தால் அது தேய்மானம், கஸ்கட் இல்லை.

ஏமாற்றும் அடையாளங்கள் பல. காலையில் வெள்ளைப் புகை வந்து அதில் பச்சை டீசல் மணம் இருந்தால் ஹீட்டர் பிளக், நொசில் பக்கம் பாருங்கள். நீலப் புகையும் ஒயில் குறைவும் டர்போவின் சீல் தேய்ந்ததைக் காட்டலாம். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே ஒயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். றேடியேற்றரில் ஒயில் மிதந்தால் உடனே கஸ்கட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம்: 1கேஇசட் போன்ற எஞ்சின்களில் தண்ணியால் ஆறும் ஒயில் கூலர் உண்டு, அது ஓட்டையானாலும் இதே கோலம்தான். ஓட்டோ கியர் வானில் றேடியேற்றர்த் தண்ணி இளஞ்சிவப்புப் பால்போல ஆகியிருந்தால் கியர் ஒயில் கூலர் உடைந்திருக்கிறது. கஸ்கட்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை, கியர்பெட்டியும் சேர்ந்து போகும்.

கொதிப்புக்கே வேறு காரணம் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. விசிறி கிளச் இளகியிருக்கலாம், றேடியேற்றர் அடைத்திருக்கலாம், தண்ணிப் பம்பு ஒழுகலாம், மூடியின் ரப்பர் செத்திருக்கலாம். சிலர் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனிக் கொதிக்காது" என்பார்கள். பல டொயோட்டா எஞ்சின்களில் அது குறுக்குப் பாதையை அடைக்கும் வேலையையும் செய்கிறது. கழற்றினால் தண்ணியில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். சுமையில் இன்னும் கொதிக்கும். இன்னொன்று, தண்ணி முழுதாகப் போய்விட்டால் சென்சர் காற்றில் நிற்கும், சூட்டு முள் இறங்கும். முள் இறங்கியதென்று நிம்மதியாக ஓட்டியவர்கள்தான் எஞ்சினையே இழந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு கஸ்கட்தான் என்று உறுதியானால் ஹெட்டைக் கழற்றலாம். ஆனால் 2சி டர்போவும் 4டி56உம் ஹெட் வெடிப்புக்குப் பெயர் போனவை. வெடித்த ஹெட்டும் எரிந்த கஸ்கட்டும் வெளியே ஒரே அடையாளத்தைத்தான் காட்டும். "கஸ்கட் மாத்தி மூண்டு மாசத்தில திரும்பவும் கொதிக்குது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சோதிக்காமல் பூட்டிய ஹெட்தான். லேத்தில் ஹெட்டின் தண்ணித் துவாரங்களை அடைத்து, சுடுதண்ணியில் அமிழ்த்தி, காற்றடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த ஹெட்டில் தெரியாத வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும். வளைவையும் அளக்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.2 மில்லிமீற்றர்தான் எல்லை. உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. அளவுக்கு மீறிச் சீவினால் வால்வு பிஸ்டனில் அடிக்கும்.

பழைய கஸ்கட்டை எறிந்துவிட வேண்டாம். டொயோட்டாவின் பல டீசல் எஞ்சின்களுக்கு அது பி, டி, எஃப் என்று மூன்று தடிப்புகளில் வருகிறது. பிஸ்டன் புளொக்குக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது என்பதைப் பொறுத்துத்தான் தெரிவு. கடையில் இருந்ததை வாங்கிப் போடுவது இங்கே சரிவராது. போல்ட்டுகளை டோர்க் ஸ்பனரால், நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக இறுக்க வேண்டும்.

தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டிய தலைமுறையிடம் நம் மெக்கானிக்குகள் தொழில் கற்றார்கள். உதிரிப்பாகம் வராத ஊரில் காதாலும் கையாலும் பழுது பிடித்தவர்கள் அவர்கள். அந்தத் திறமைக்கு ஈடில்லை. ஆனால் அந்தக் கார்களின் ஹெட் வார்ப்பிரும்பு. கிணற்றுத் தண்ணியையும் குளத்துத் தண்ணியையும் ஊற்றி ஓடினாலும், இரண்டு முறை கொதித்தாலும் மன்னித்துவிடும். அலுமினிய ஹெட் மன்னிக்காது.

வன்னிக் கிணற்றுத் தண்ணி பல இடங்களில் கடினம். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பாருங்கள், அதுதான் றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகிறது. குழாய் அடைத்தால் ஆறுவது குறையும். துருத்தடுப்பு மருந்து இல்லாத தண்ணி கஸ்கட் ஓரத்தில் அலுமினியத்தை அரிக்கும். றேடியேற்றர் ஒழுக்குக்கு மஞ்சள்தூள் போடும் பழக்கமும் இருக்கிறது. சின்ன ஒழுக்கு நிற்கலாம். எரிவாயுவின் அழுத்தத்துக்கு முன் மஞ்சள் நிற்காது, நுண்குழாயில்தான் போய் அடைக்கும். கூலன்ற் வாங்கி, சுத்திகரித்த குடிநீருடன் போத்தலில் சொல்லியுள்ள அளவுக்குக் கலந்து ஊற்றுங்கள். சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணியும் கிணற்றுத் தண்ணியைவிட நல்லது.

வழியில் கொதித்துவிட்டால் எஞ்சினை நிறுத்தி, முக்கால் மணித்தியாலமாவது ஆறவிட்ட பிறகே மூடியைத் தொடுங்கள். சூடான எஞ்சினுக்குப் பச்சைத் தண்ணி ஊற்றினால் நல்ல ஹெட்டும் வெடிக்கும். பயணிகளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வானைக் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். அங்கே போனதும், ஹெட்டைக் கழற்ற ஸ்பனரை எடுக்கும் முன் அடுத்த நாள் காலைக் குளிரில் அந்த மேல் குழாயை உங்கள் கண்முன்னே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.